ஓட்டல் சமையலறைக்குள்: வாசகர் கேள்விகள், ஓர் உணவுப் பாதுகாப்பு அலுவலரின் பதில்கள்

உணவுக் கலப்படத் தடைச் சட்டம் இருந்த காலத்தில் உணவு ஆய்வாளராக வேலைக்குச் சேர்ந்து, புதுச் சட்டம் வந்த பிறகு உணவுப் பாதுகாப்பு அலுவலராக மதுரை, திண்டுக்கல் பக்கம் பணியாற்றி ஓய்வுபெற்றவர் இந்த மாதக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

எங்கள் ஊர்ப் பெரிய ஓட்டல் ஒன்றில் ரெய்டு நடந்து, கெட்டுப்போன கோழிக்கறி பறிமுதல் என்று படத்தோடு செய்தி வந்தது. இப்போது அதே ஓட்டலில் ஞாயிற்றுக்கிழமை உட்கார இடம் கிடைப்பதில்லை. அந்த ஓட்டலின் ஆய்வு அறிக்கையை நம்மைப் போன்றவர்கள் எங்கே பார்ப்பது? – வாசகர், திருப்பூர்

நேரடியாகப் பார்க்க வழியில்லை. கேட்டு வாங்க வழி இருக்கிறது.

பறிமுதல் என்பது ஒரு நாள் கூத்து. கறியில் பினாயில் ஊற்றுவது, குழி தோண்டிப் புதைப்பது, படம் எடுப்பது எல்லாம் மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும். அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் காகிதத்தில். குறை சரிசெய்யக்கூடியது என்றால், மாவட்டத்தில் உணவுப் பாதுகாப்புக்குப் பொறுப்பான நியமன அலுவலர், 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தின் 32-ஆவது பிரிவின்படி மேம்பாட்டு அறிவிப்பு கொடுப்பார். இன்னின்னதை இத்தனை நாளுக்குள் சரிசெய் என்று அதில் இருக்கும். அவகாசம் 14 நாளுக்குக் குறையக் கூடாது. செய்யாவிட்டால் உரிமத்தை நிறுத்தி வைப்பார். அப்புறமும் திருந்தாவிட்டால் ரத்து. உடனே இழுத்து மூடியாக வேண்டிய ஆபத்து என்றால் அதற்கு 34-ஆவது பிரிவு இருக்கிறது. ஆக, உங்கள் ஊர் ஓட்டல் எல்லாவற்றையும் சரிசெய்து மறு ஆய்வில் தேறியிருக்கலாம். அல்லது அவகாசம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம். வாசலில் நிற்கும் கூட்டத்தை வைத்து இதைச் சொல்ல முடியாது.

மாதிரி எடுத்திருந்தால் கதை இன்னும் நீளும். எடுத்த உணவுக்குக் கடை விலையைக் கொடுத்துவிட்டு, அதை நான்கு பங்காக்கி முத்திரை வைப்போம். ஒரு பங்கு பகுப்பாய்வுக் கூடத்துக்குப் போகும். கிண்டி, தஞ்சாவூர், மதுரை, சேலம், கோவை, பாளையங்கோட்டை என்று தமிழ்நாட்டில் ஆறு இடங்களில் அரசுக் கூடம் இருக்கிறது. 14 நாளில் அறிக்கை வர வேண்டும். தரம் குறைந்தது என்று வந்தால் மாவட்ட வருவாய் அலுவலர் முன்னால் அபராத விசாரணை. பாதுகாப்பற்றது என்று வந்தால் நீதிமன்ற வழக்கு. இவ்வளவு தூரம் எந்தச் செய்தியாளரும் கூடவே வருவதில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். நியமன அலுவலர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி மனு எழுதுங்கள். "அந்த ஓட்டல் சுத்தமானதா?" என்று கேட்காதீர்கள். கருத்துக் கேட்டால் பதில் வராது. காகிதம் கேட்டால் வரும். இந்த முகவரியில் உள்ள கடையில் கடந்த இரண்டு ஆண்டில் நடந்த ஆய்வுகளின் தேதி, அறிக்கை நகல், மேம்பாட்டு அறிவிப்பு நகல், மறு ஆய்வு அறிக்கை, பகுப்பாய்வு முடிவு, விதித்த அபராதம் என்று தனித்தனியாகக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். விசாரணை நடக்கிறது என்று மறுத்தால் மேல்முறையீடு செய்யலாம்.

லண்டனில் இருக்கும் என் மகன், அங்கே ஓட்டல் கண்ணாடியில் 0 முதல் 5 வரை சுகாதார எண் ஒட்டியிருக்கும் என்கிறான். இங்கே ஏன் அப்படி இல்லை? – வாசகி, கும்பகோணம்

இங்கேயும் இருக்கிறது அம்மா. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எனப்படும் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம் நடத்தும் சுகாதாரத் தரமதிப்பீட்டில் ஒன்று முதல் ஐந்து வரை சிரித்த முகம் தருகிறார்கள். தனியார் தணிக்கை நிறுவனம் வந்து மதிப்பெண் போடும். விரும்பிய கடைகள் வாங்கிக்கொள்கின்றன. மூன்று முகம் வாங்கியவர் அதைக் கண்ணாடியில் ஒட்டுவாரா என்று யோசித்துப் பாருங்கள்.

லண்டனிலும் ஒட்டுவது கட்டாயமில்லை. வேல்ஸில் 2013-லிருந்தும் வட அயர்லாந்தில் 2016-லிருந்தும்தான் கட்டாயம். ஆனால் அங்கே ஒரு வசதி உண்டு. எந்தக் கடைக்கு என்ன எண், கடைசியாக எந்தத் தேதியில் ஆய்வு நடந்தது என்பதை யார் வேண்டுமானாலும் இணையத்தில் தட்டிப் பார்க்கலாம். ஸ்டிக்கரை விட்டுவிடுங்கள்; அந்தப் பட்டியல்தான் நமக்கு வர வேண்டியது. திருப்பூர்க்காரர் மனு எழுதி ஒரு மாதம் காத்திருக்கிற வேலை மிச்சமாகும்.

ஆய்வுக்குப் போனால் முதலில் எதைப் பார்ப்பீர்கள்? – கல்லூரி மாணவி, திருநெல்வேலி

கை கழுவும் தொட்டியை. வாடிக்கையாளர் கழுவுகிற வாஷ்பேசின் அல்ல; உள்ளே மாவு பிசைகிறவரும் கறி வெட்டுகிறவரும் கழுவுகிற இடம். சோப்பு இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்த மாட்டேன், தொட்டுப் பார்ப்பேன். நாங்கள் வருகிற செய்தி தெரிந்து அவசரமாக வைத்த சோப்பு, மேலே அச்சடித்த எழுத்துகூடத் தேயாமல், காய்ந்து கிடக்கும். பன்னிரண்டு பேர் வேலை செய்கிற சமையலறையில் பதினோரு மணிக்குச் சோப்பு காய்ந்திருந்தால் வேறு கேள்வி தேவையில்லை.

அடுத்தது ஃப்ரிட்ஜ். மேல் தட்டில் மசாலா தடவிய கோழி, கீழ்த் தட்டில் வெட்டிய வெங்காயம்: இதைப் பார்க்காத வாரம் எனக்குக் குறைவு. மேலிருந்து சொட்டும் கறித் தண்ணீர் வெங்காயத்தில் விழும். கோழி எப்படியும் வேகும். தயிர்ப் பச்சடிக்குப் போகிற வெங்காயம் வேகாது. பச்சைக் கறியைக் கீழே வை, அப்படியே சாப்பிடுகிறதை மேலே வை என்று சொன்னால், இடமில்லை சார் என்பார்கள். மாற்றி வைக்க எதற்கு இடம்? அப்புறம், "இந்த டப்பா எப்ப வச்சது?" என்று மாஸ்டரைத் தனியாகவும் முதலாளியைத் தனியாகவும் கேட்பேன். ஒருவர் இன்று காலை என்பார், இன்னொருவர் நேற்றுச் சாயங்காலம் என்பார். டப்பா மேல் தேதி ஒட்டியிருந்தால் இந்த நாடகமே வேண்டாம்.

மூன்றாவது, ஊசி முனை வெப்பமானி. பரிமாறச் சூடாக வைத்திருக்கும் சைவப் பண்டம் 65 டிகிரி, அசைவம் 70 டிகிரி இருக்க வேண்டும். குளிரில் வைப்பது 5 டிகிரியைத் தாண்டக் கூடாது. இடைப்பட்ட சூடு கிருமிக்குத் தொட்டில். "கை சுடுதே சார்" என்று சாம்பார் அண்டாவைக் காட்டுவார்கள். 50 டிகிரியிலேயே கை சுடும்.

தேங்காய்ச் சட்னியைப் பற்றி மட்டும் ஒரு பக்கம் எழுதலாம். அரைத்தது, வேகாதது, தண்ணீர் கலந்தது. காலையில் மீந்த வாளியிலேயே பத்து மணிச் சட்னியை ஊற்றுவார்கள், அதன் மேல் பதினோரு மணிச் சட்னி. தாளித்துக் கொட்டினால் சரியாகிவிடும் என்று நம்பிக்கை. அந்தச் சூடு மேலே மிதக்கிற கடுகோடு சரி. வாளி காலியாக வேண்டும், கழுவ வேண்டும், அப்புறம்தான் புதுசு. இந்த ஒன்றை ஒழுங்காகச் செய்கிற கடையில் மற்றதும் பெரும்பாலும் ஒழுங்காக இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் ஆய்வுப் பட்டியலில் சில வரிகளுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி உண்டு. மற்றதில் எல்லாம் நல்ல மதிப்பெண் வாங்கினாலும் நட்சத்திரம் போட்டதில் ஒன்று தவறினால் மொத்தமும் தேறாமல் போகலாம். குடிநீர் அப்படி ஒன்று. சுவரில் டைல்ஸ் பளபளப்பாக இருப்பதற்கு நட்சத்திரம் கிடையாது. ஆனால் கடைக்காரர்கள் முதலில் செலவு செய்வது அதில்தான்.

இரவு ஓட்டலில் ஃபிரைடு ரைஸ். நள்ளிரவில் மூன்று பேருக்கும் வாந்தி. ஓட்டல்காரர், "உங்க வீட்டுத் தண்ணியா இருக்கும்" என்கிறார். எப்படி நிரூபிப்பது? – வாசகர், ஓசூர்

நேரத்தை வைத்துப் பாதி கண்டுபிடிக்கலாம். சாப்பிட்ட அரை மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி என்றால், சாப்பாட்டில் ஏற்கெனவே நஞ்சு உருவாகியிருந்தது என்று சந்தேகிக்கலாம். சோற்றில் இதைச் செய்கிறது பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா. அதன் வித்து, சோறு வேகும்போது சாகாது. ஃபிரைடு ரைஸுக்கு உதிரியாக வரட்டும் என்று பாசுமதியை மதியமே வடித்து ஃபேனுக்குக் கீழே பரப்பி வைப்பார்கள். அந்த நேரத்தில் பெருகி நஞ்சைக் கக்கும். ராத்திரி வாணலியில் என்ன தீயில் புரட்டினாலும் நஞ்சு போகாது. கையில் புண்ணோடு சமைக்கிறவரால் வரும் ஸ்டஃபைலோகாக்கஸ் நஞ்சும் ஏறக்குறைய இதே வேகத்தில் காட்டிவிடும்.

சால்மோனெல்லா என்றால் பெரும்பாலும் ஆறு மணி நேரத்திலிருந்து மூன்று நாளுக்குள் காய்ச்சலும் பேதியும். டைபாய்டு தலைகாட்ட ஒன்றிரண்டு வாரம் ஆகும். ஏ வகை மஞ்சள் காமாலைக்குச் சராசரியாக நான்கு வாரம். அப்போது எந்தக் கடையில் என்ன சாப்பிட்டோம் என்றே நினைவிருக்காது. கடைசியாகச் சாப்பிட்ட கடையைத் திட்டுவது நம் வழக்கம், பல நேரம் குற்றவாளி அதற்கு முந்திய கடை.

உங்கள் விஷயத்தில் மூன்று பேரும் ஒரே பண்டம் சாப்பிட்டு ஒரே நேரத்தில் வாந்தி எடுத்தது முக்கியமான சாட்சி. மருத்துவமனைச் சீட்டில் என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு, எத்தனை மணிக்கு வாந்தி என்று எழுதித் தரச் சொல்லுங்கள். பார்சலில் மிச்சம் இருந்தால் கொட்டாதீர்கள். கட்டி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு உடனே புகார் கொடுங்கள். பாதுகாப்பற்ற உணவால் பாதிப்பு என்று நிரூபணமானால் சட்டத்தின் 65-ஆவது பிரிவில் இழப்பீடு உண்டு: உயிர் போனால் 5 லட்சத்துக்குக் குறையாமல், கொடுங்காயத்துக்கு 3 லட்சம் வரை, மற்றவற்றுக்கு 1 லட்சம் வரை. இந்தப் பிரிவு இருப்பது பல வக்கீல்களுக்கே தெரியாது.

சாம்பாரில் கரப்பான் பூச்சி. சப்ளையர் வேறு சாம்பார் தருகிறேன் என்றார், முதலாளி பில் வேண்டாம் என்றார். பேசாமல் வந்துவிட்டேன். என்ன செய்திருக்க வேண்டும்? – வாசகர், கரூர்

பில்லை வாங்கியிருக்க வேண்டும். பில் வேண்டாம் என்று முதலாளி சொன்னது பெருந்தன்மையால் இல்லை. பில் இல்லாவிட்டால் நீங்கள் அங்கே சாப்பிட்டதற்கே சாட்சி கிடையாது. 2022 ஜனவரி 1 முதல் பில்லில் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் இருக்க வேண்டும். 1-ல் தொடங்கினால் உரிமம், 2-ல் தொடங்கினால் சிறுகடைகளுக்கான பதிவு. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் உரிமங்களுக்கான ஃபாஸ்காஸ் (FoSCoS) இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் யார் பெயரில் இருக்கிறது, உயிரோடு இருக்கிறதா என்று தெரியும். பக்கத்து ஊர்க் கடையின் எண்ணை அச்சடித்து வைத்திருந்தவரைப் பிடித்திருக்கிறோம்.

இலையோடு, பூச்சியோடு, மேசை எண் தெரிகிற மாதிரி படம் எடுத்துத் தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322-க்கு அனுப்புங்கள். கடையின் பெயர், தெரு, தேதி, நேரம் எழுதுங்கள். "கேவலமான ஓட்டல், நடவடிக்கை எடுங்க" என்று மட்டும் வருகிற புகாரை வைத்துக்கொண்டு எங்கே போவது? உணவில் புறப்பொருள் இருந்தால் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். சுகாதாரமற்ற முறையில் தயாரித்தால் அதற்குத் தனியாக 1 லட்சம் வரை.

இன்னொன்று. சந்தேகப்படுகிற உணவை நீங்களே பகுப்பாய்வுக்குக் கொடுக்கலாம், 40-ஆவது பிரிவு. பரிசோதிக்கக் கொடுக்கப்போகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும் என்பது நிபந்தனை. கட்டணம் கட்ட வேண்டும். தப்பு என்று அறிக்கை வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். பால், எண்ணெய், மசாலாப் பொடிக்கு இது நன்றாகப் பயன்படும். கரப்பான் பூச்சிக்கு ஆய்வுக்கூடம் எதற்கு, கண்ணே போதும்.

ஷவர்மா என்றாலே பயமாக இருக்கிறது. பிள்ளைகள் கேட்கிறார்கள். – வாசகி, ஈரோடு

பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2022 மே மாதம் காசர்கோட்டில் 16 வயதுப் பெண், 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் 14 வயதுச் சிறுமி. இருவருமே ஷவர்மா சாப்பிட்டபின் இறந்தவர்கள்.

கம்பியில் அடுக்கிய கறி வெளிப்பக்கம் மட்டும்தான் வேகும். கூட்டம் இருந்தால் வெந்ததைச் சீவச் சீவ அடுத்த அடுக்கு தீயைப் பார்க்கும். கூட்டம் இல்லாவிட்டால் தீயைக் குறைத்துவிடுவார்கள். உள்ளே இருக்கிற கறி மணிக்கணக்கில் இளஞ்சூட்டில் நிற்கும். அப்போது ஒரே நேரத்தில் பத்து பேர் வந்தால் வேகாத அடுக்கையும் சேர்த்துச் சீவுவார்கள். நல்ல கடைக்காரர் சீவியதைத் தோசைக்கல்லில் போட்டு இன்னொரு முறை வாட்டுவார். அதைப் பார்த்து வாங்குங்கள். மயோனைஸ் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பச்சை முட்டையில் செய்த மயோனைஸைத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8-லிருந்து ஓராண்டுக்குத் தடை செய்தது சும்மா அல்ல. வேகாத முட்டையும் சால்மோனெல்லாவும் பழைய கூட்டாளிகள்.

சூடான சாம்பாரைப் பிளாஸ்டிக் கவரில் கட்டித் தருகிறார்கள். வாங்கலாமா? – வாசகர், விருதுநகர்

வாங்காதீர்கள். தூக்குவாளி எடுத்துப்போங்கள். முன்பெல்லாம் அப்படித்தானே போனோம்.

பஜ்ஜிக் கடை எண்ணெய் கறுப்பாக இருந்தால் கெட்டதா? – வாசகர், தஞ்சாவூர்

நிறத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. மிளகாய்ப்பொடி கலந்த மாவு சீக்கிரம் கறுக்க வைக்கும். திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது எண்ணெய் சிதைந்து அதில் சேர்கிற முனைவுச் சேர்மங்களின் (போலார் காம்பவுண்ட்) மொத்த அளவு 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயில் சமைக்கக் கூடாது என்பது 2018 ஜூலையிலிருந்து விதி. எங்களிடம் அதற்குக் கருவி உண்டு, வாணலியில் முக்கினால் எண் காட்டும். உங்களுக்குக் கருவி வேண்டாம்: அடுப்பில் வைத்த கொஞ்ச நேரத்திலேயே புகைகிறதா, பஜ்ஜி போட்டதும் பொங்குகிற நுரை அடங்காமல் நிற்கிறதா, வாணலி விளிம்பில் பிசின் மாதிரி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

எனக்கு டீக்கடைக்காரர் மேல் கோபம் குறைவு. பெரிய ஓட்டலில் பொரித்துக் கழித்த எண்ணெயைக் குறைந்த விலைக்கு வாங்கி ஊற்றுகிற வழக்கம் இருக்கிறது. விற்பவர் யார்? நாளைக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிக்க எண்ணெய் செலவழிக்கிற கடை, பயன்படுத்திய எண்ணெய் எங்கே போனது என்று பதிவேடு வைக்க வேண்டும். பயோடீசலுக்கு வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறார்கள். பதிவேட்டைக் கேட்டால் அடுத்த வாரம் காட்டுகிறேன் என்பார்கள்.

நீங்கள் வெளியே சாப்பிடுவீர்களா சார்? – வாசகர், சென்னை

சாப்பிடுவேன். இட்லி, ஆவி பறக்கும்போது. தோசை, கண்ணெதிரே. சட்னி, வாளியைப் பார்த்த பிறகு.

முப்பது பேர் சாப்பிடுகிற சின்ன மெஸ் நடத்துகிறேன். ஆபீசர்கள் மாமூலுக்குத்தான் வருகிறார்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். செலவில்லாமல் நான் என்னென்ன சரிசெய்துகொள்ளலாம்? – மெஸ் நடத்தும் பெண்மணி, திருச்சி

வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். இல்லை என்று எழுதினால் இந்தப் பக்கத்தைக் கிழித்து வடை எண்ணெய் ஒற்றுவீர்கள். அச்சு மை பட்ட தாளில் அதையும் செய்யக் கூடாது. கேட்டால் லஞ்ச ஒழிப்புத் துறைக்குச் சொல்லுங்கள். அதைவிட எளிய காப்பு, எழுத்து. ஆய்வுக்கு வந்தவரிடம் அடையாள அட்டை கேளுங்கள், ஆய்வு அறிக்கை நகல் கேளுங்கள். மாதிரி எடுத்தால் படிவம் 5ஏ அறிவிப்பும் பண்டத்தின் விலையும் தர வேண்டும். நான்காவது பங்கை அங்கீகாரம் பெற்ற தனியார் கூடத்துக்கு அனுப்பச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. இதையெல்லாம் கேட்கிற கடையில் யாரும் வாய் திறந்து காசு கேட்க மாட்டார்கள்.

முப்பது பேருக்குச் சமைக்கிற நீங்கள் பெரிய ஓட்டலைவிடச் சுலபமாகச் சுத்தமாக இருக்கலாம் அம்மா, மிச்சம் வைக்காமல் அளந்து சமைக்க உங்களால் முடியும். மீந்த குழம்பை அண்டாவோடு ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். நடுவில் விடியும்வரை சூடு ஆறாது. அகலமான தட்டங்களில் ஊற்றி ஆறவிட்டு இரண்டு மணி நேரத்தில் 21 டிகிரிக்கும், அடுத்த இரண்டு மணி நேரத்தில் 5 டிகிரிக்கும் கொண்டுவர வேண்டும். மறுநாள் சுடவைக்கும்போது நடுப்பகுதி 75 டிகிரி வந்து இரண்டு நிமிடமாவது நிற்க வேண்டும். காய்கறிக்கு ஒரு பலகை, கறிக்கு ஒரு பலகை. மேசைத் துணியால் தட்டைத் துடைக்க விடாதீர்கள். ஊதா நிற உணவுப் பாதுகாப்புப் பலகையைச் சாமி படத்துக்குப் பின்னால் மாட்டாமல் கல்லாவுக்குப் பக்கத்தில் மாட்டுங்கள், உரிம எண்ணோடு.

செலவு வைக்கிறது மூன்றே: ஆறு மாதத்துக்கு ஒருமுறை தண்ணீர்ப் பரிசோதனை, வேலை செய்கிறவர்களுக்கு வருடாந்திர மருத்துவச் சான்றும் டைபாய்டு தடுப்பூசியும், ஒரு வெப்பமானி. வெப்பமானியை வாங்கியதும் ஐஸ் தண்ணீரில் விட்டு 0, கொதிக்கிற தண்ணீரில் விட்டு 100 காட்டுகிறதா பாருங்கள். மாதம் ஒரு தடவை இப்படிப் பார்த்துத் தேதியோடு நோட்டில் எழுதி வையுங்கள். வருகிறவர் முதலில் அந்த நோட்டைத்தான் கேட்பார்.